நிமிர்ந்து உட்காரச் சொல்லும் கனவான்களே!

ஆரணிப் பட்டு நெசவாளிக்கு இடுப்புவலி ஏன் வருகிறது? அவருக்கு உட்காரத் தெரியவில்லையாம்!

முகாம்களிலும், மேடைகளிலும், பெரிய பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்களிலும் இன்று ஓதப்படும் மந்திரம் இதுதான். நாற்று நடும் பெண்ணுக்குக் குனியத் தெரியவில்லை. அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவருக்குத் தூக்கத் தெரியவில்லை. பஞ்சாலையில் நிற்பவருக்கு நிற்கத் தெரியவில்லை. உழைக்கிற ஜனங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை! தெரிந்தவர்கள் யாரென்றால், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "முதுகை நிமிர்த்து, அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து நட" என்று உபதேசிக்கும் கனவான்கள்தான்.

நல்லது. இந்த உபதேசத்தை உரைத்துப் பார்ப்போம்.

ஆலைத் தொழிலாளர்களிலும் விவசாயத் தொழிலாளர்களிலும் பலர் குழித்தறியைக் கிட்டத்தில் பார்த்திருக்கமாட்டார்கள். ஆரணியிலும், சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு போன்ற ஊர்களிலும் வீட்டுக் கூடத்திலேயே தறி இருக்கும். தரையில் ஒரு குழி. குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மிதிக்கவேண்டும். ஒரு கை கயிற்றை இழுத்தால் நாடா ஓடும். மறு கை பலகையை முன்னே இழுத்து ஊடையை அடித்துச் சேர்க்கும். முதுகு சாய ஒன்றும் கிடையாது. இழை அறுந்ததா, சரிகை பிசகியதா என்று கண் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆகவே உடம்பு முன்னால் வளைந்தே இருக்கும். கரை, முந்தானை, புட்டா என்று வேலைப்பாடு கூடினால் மேலே இருக்கும் ஜக்கார்டையும் காலால் மிதித்தே தூக்கவேண்டும். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும். அந்த ஈரத்தில்தான் கால்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். அங்குலத்துக்கு ஐம்பது ஊடை என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஆறு கெஜச் சேலை 216 அங்குலம். ஆக ஒரு சேலைக்கு 10,800 ஊடை. ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு மிதி, ஒரு இழுப்பு, ஒரு அடி. இந்தப் பத்தாயிரத்து எண்ணூறும் முடிந்து சேலை இறங்கினால்தான் கூலி. பத்தாயிரத்தோடு நின்றுவிட்டால்? கூலி இல்லை.

அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கவேண்டுமாம்! எழுந்து நடக்கிற நேரத்துக்குக் கூலி யார் தருவது? அதை மட்டும் எந்தக் கனவானும் சொல்வதில்லை.

போகட்டும். உட்காரத் தெரியாததால்தான் வலி வருகிறதென்றால், தெரிந்தவர்களுக்கு வரக்கூடாதல்லவா? எப்படி உட்காருவது, எப்படிக் குனிவது, எப்படித் தூக்குவது என்பதை நாலரை வருஷம் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள்தான் பிசியோதெரபிஸ்டுகள். இயன்முறை மருத்துவர்கள் என்றும் சொல்வார்கள். முதுகெலும்பில் எத்தனை கண்ணி, எந்தத் தசை எதைப் பிடிக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஊருக்கெல்லாம் முதுகை நிமிர்த்திவிடுவதே அவர்கள் தொழில்.

அவர்களுடைய முதுகு எப்படி இருக்கிறது?

ஆஸ்திரேலியாவில் இவர்களையே விசாரித்து ஓர் ஆய்வு நடந்து 2000-ஆம் வருஷம் வெளியாயிற்று. நூற்றுக்கு 91 பேருக்கு, தொழிலில் இருந்த காலத்தில் எப்போதாவது, அந்தத் தொழிலாலேயே தசையிலோ மூட்டிலோ வலி வந்திருந்தது. முந்திய ஒரே வருஷத்துக்குள் நூற்றுக்கு 62 பேருக்கு மேல் இடுப்புவலி கண்டிருந்தார்கள். ஆறு பேருக்கு ஒருவர் இந்த வலியால் தொழிலுக்குள்ளேயே வேறு வேலைக்கு மாறினார், அல்லது தொழிலையே விட்டார். சம்பளமும் சாதனங்களும் நம்மைவிட எவ்வளவோ மேலாக உள்ள தேசத்தில் இந்த நிலைமை!

நமது ஊரில்? நோயாளியைத் தூக்கும் இயந்திரத்தை நமது பிசியோதெரபிஸ்டுகளில் பெரும்பாலோர் பாடப் புஸ்தகத்தில் படமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். பக்கவாதத்தில் கைகால் விழுந்து பாயில் கிடப்பவரைத் தரையிலிருந்து தூக்கி உட்காரவைக்கவேண்டும். அவர் விழாமல் தன் உடம்பில் தாங்கிக்கொண்டு நடத்திப் பழக்கவேண்டும். மரத்துப்போன காலை நூறு தரம் மடக்கி நீட்டவேண்டும். இதெல்லாம் குனிந்தபடியே செய்கிற வேலை.

ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தனியார் கிளினிக் ஒன்றிலிருந்து வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணைச் சந்தித்தோம். தறியிலேயே காலம் தள்ளி, இப்போது ஒரு பக்கம் விழுந்துவிட்ட ஒரு பெரியவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு எழுந்தார். எழும்போது தன் இடுப்பில் கைவைத்தார். பெரியவர் விடவில்லை.

"இன்னாம்மா, என்னைத் தூக்கி உட்டுட்டு நீ இடுப்பப் புடிச்சிக்கினு கீற?"

"என்ன பண்றது தாத்தா, இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கு."

நாம் அவரிடம் கேட்டோம்: முதுகை வளைக்காமல் தூக்குவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா? அவர் சிரித்துவிட்டார். "தெரியும் சார். பரீட்சையில எழுதி மார்க்கே வாங்கியிருக்கேன். கட்டில் உயரமா இருக்கணும், கூடத் தூக்க இன்னொரு ஆள் இருக்கணும். பாதி வீட்டுல கட்டிலே கிடையாது, பாய்தான். ஆளும் நான் ஒருத்திதான். ஒரு வீட்டுக்கு இவ்வளவுன்னுதான் எனக்குக் காசு. வலிக்குதுன்னு படுத்தா அன்னைக்கு ஒண்ணும் இல்ல."

வீட்டுக்கு இவ்வளவு! சேலைக்கு இவ்வளவு! தோழர்களே, இரண்டும் ஒன்றல்லவா? படித்த பெண்ணின் கையில் பட்டம் இருக்கிறது, நெசவாளியின் கையில் நாடா இருக்கிறது. இருவர் முதுகையும் வளைக்கிற கயிறு ஒன்றே. கார்ல் மார்க்ஸ் 1867-இல் வெளியிட்ட 'மூலதனம்' முதல் பாகத்தில், உருப்படிக் கூலிக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். உருப்படிக்குக் கூலி என்று வைத்துவிட்டால் மேஸ்திரி சாட்டை எடுக்கவேண்டிய அவசியமே இல்லை. தொழிலாளி தன்னைத்தானே விரட்டிக்கொள்வான் என்பது அதன் சாரம். ஆரணியில் அதற்கு அத்தாட்சி வேண்டுமென்றால், தீபாவளிக்கு முந்திய மாதங்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் நெசவுத் தெருவில் நடந்து பாருங்கள். தறிச் சத்தம் கேட்கும்.

சர்க்கார் வேலையில் இருக்கும் பிசியோதெரபிஸ்டின் கதி மேலா? தமிழக சர்க்கார் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கிற்று. படுக்கையில் கிடக்கும் ஏழையின் வீட்டுக்கே பிசியோதெரபி போகிறது. நல்ல காரியம், ஜனங்களுக்குப் பயன்படுகிறது, நாம் ஆதரிக்கிறோம். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இதற்குக் கிடைத்தது. விருதை வாங்கியவர்கள் மந்திரிமார்களும் அதிகாரிகளும். விருதுக்காக வீடு வீடாகப் போய்க் குனிந்தவர்கள் யார்? பிசியோதெரபிஸ்டு வேலைக்குப் பல ஜில்லாக்களில் வெளியான ஆள்சேர்ப்பு அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள்: ஒப்பந்த வேலை, மாதத் தொகுப்பூதியம் ரூ.13,000. ஸ்திரமான வேலை இல்லாதவர் "எனக்கு முதுகு வலிக்கிறது" என்று வாய்திறப்பாரா? திறந்தால் அடுத்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற பயம் அவருக்கு.

ஆகவே, முதுகைப் பற்றி எல்லாம் தெரிந்தவருக்கும் முதுகு போகிறது. தெரியாமையால் வருகிற வியாதி என்ற கதை இங்கேயே பொடிப்பொடியாகிறது.

வேறொரு வாதத்தோடும் வருவார்கள். "இடுப்புவலி எல்லாருக்கும்தான் வருகிறது. ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் வருகிறது, கார் ஓட்டும் முதலாளிக்கும் வருகிறது. இதைத் தொழில் வியாதி என்று எப்படிச் சொல்வது?" உண்மைதான், வருகிறது. உலகத்தில் 2020-இல் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்புவலியால் அவதிப்பட்டார்கள் என்றும், 2050-இல் அது 84 கோடியைத் தாண்டும் என்றும் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதனைச் செயலிழக்கச் செய்யும் காரணங்களில் உலகத்திலேயே முதலிடம் இதற்குத்தான். பெரும்பாலோருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று ஒற்றைக் காரணத்தைப் படம் எடுத்தும் காட்டமுடியாது. ஆனால் குமாஸ்தா மருத்துவ விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு சம்பளத்தோடு வீட்டில் இருக்கிறார். முதலாளி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு டெலிபோனில் வியாபாரம் பேசுகிறார். நெசவாளிக்கு வலி வந்தால் தறி நிற்கிறது, அடுப்பு நிற்கிறது, வாங்கிய முன்பணம் மட்டும் நிற்காமல் தலைமேல் உட்காருகிறது. நடவுக்குப் போகும் பெண்ணுக்கு வலி வந்தால் அன்றையக் கூலி போயிற்று. வலி பொதுவாக இருக்கலாம். வலியின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே நமது கேள்வி.

இந்தச் செலவு எப்படி நம் தலையில் ஏறுகிறது என்று பாருங்கள். பட்டும் சரிகையும் மாஸ்டர் வீவர் கொடுக்கிறார். வீடு நெசவாளியுடையது. தறி அநேகமாக அவருடையது. குழி அவர் தோண்டியது. தார் சுற்றும் மனைவியின் உழைப்புக்குத் தனியாக ஒரு காசு கிடையாது. முதுகும் அவருடையது! ஆலை முதலாளியாவது இயந்திரம் தேய்ந்தால் தேய்மானம் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார். வருமான வரியில் கழித்துக்கொள்கிறார். நெசவாளியின் முதுகுத் தேய்மானம் எந்தப் பேரேட்டில் எழுதப்படுகிறது? கூட்டுறவுச் சங்கத்தில் நெய்தால் கதை மாறுமா? மாஸ்டர் வீவரின் பிடுங்கல் அங்கே குறைவாக இருக்கலாம். ஆனால் அங்கேயும் சேலைக்குத்தான் கூலி. வலிக்கு விடுப்பு இல்லை. இதைச் சொல்ல நாம் தயங்கமாட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் பின்னால் தொழில் வியாதிகளின் பட்டியல் ஒன்று உண்டு. 1948-ஆம் வருஷ இ.எஸ்.ஐ. சட்டத்திலும் அதே பட்டியல். ஈய விஷம் இருந்தது, பாதரச விஷம் இருந்தது, பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெடுவது இருந்தது. குனிந்து குனிந்து இற்றுப்போன இடுப்பு இல்லை. அந்தச் சட்டங்களையெல்லாம் சுருட்டி நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமல் என்று இந்திய சர்க்கார் அறிவித்தது. 'சீர்திருத்தம், சீர்திருத்தம்' என்று முரசு கொட்டினார்களே, 2020-ஆம் வருஷ சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் மூன்றாவது அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். அங்கேயும் முதுகைக் காணோம்! நெசவாளி 'சுயதொழில்' செய்பவர், வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்று வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். தமிழக நல வாரியத்தில் விபத்தில் கை போனால், கால் போனால், கண் போனால் உதவித்தொகை உண்டு. தறியில் உட்கார்ந்தே முதுகு போனால்? அது விபத்து அல்லவாம்!

முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. ஜெர்மனியில் 1993 முதல், வருஷக்கணக்காகப் பாரம் தூக்கியோ மிகவும் குனிந்தோ வேலை செய்து கீழ்முதுகின் வட்டுகள் கெட்டவருக்கு அது தொழில் வியாதி. பாரம் தூக்கி வட்டு பிதுங்கியதை பிரான்ஸ் 1999-இல் பட்டியலில் சேர்த்தது. நிபந்தனைகள் கடுமைதான், ஆனாலும் கதவு திறந்தது. இரண்டும் முதலாளித்துவ நாடுகள், சோஷலிச நாடுகள் அல்ல. அங்கே முதுகு சட்டத்துக்குத் தெரிகிறது. நாற்று நடும் பெண் காலையிலிருந்து மாலைவரை எந்த நிலையில் நிற்கிறாள் என்பது டில்லிக்கு மட்டும் தெரியவில்லை.

அரிசி ஆலைத் தோழர்களை மறந்துவிடவில்லை. ஆரணி பட்டுக்கு மட்டுமா பேர்போனது? அரிசிக்கும்தான். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967-இலேயே சிபாரிசு செய்தது: ஆண் தொழிலாளி ஒருவர் தூக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக்கூடாது. நமது 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-வது பிரிவும், காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தை எவரையும் தூக்கவைக்கக்கூடாது என்று எழுதிவைத்தது. எழுத்து புஸ்தகத்தில் இருந்தது. நமது வட்டாரத்து நெல் மூட்டை 75 கிலோவில் இருந்தது. மூட்டையின் எடையைக் குறைக்க ஒரு சாக்குத் தையல் போதும். அதைச் செய்யாமல், தூக்கும் முறையைக் கற்றுக்கொடுக்க முகாம் நடத்துகிறார்கள்!

மருந்துக்கடைக்காரரும் இந்த வலியில் பிழைக்கிறார். இடுப்புக்கு பெல்ட், முதுகுக்கு பெல்ட், ஸ்பிரே, களிம்பு. 2023 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் நாள்பட்ட இடுப்புவலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, பயிற்றுவிப்பு, பிசியோதெரபி ஆகியவற்றில் பலவற்றைச் சிபாரிசு செய்த அதே அறிக்கை, இடுப்பு பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்கிறது. மாதக்கணக்காகப் படுத்துக் கிடப்பதும் நல்லதல்ல என்பதே இன்றைய வைத்தியம். மெல்ல மெல்ல நடமாடவேண்டும், பாரத்தைக் குறைத்துப் படிப்படியாக வேலைக்குத் திரும்பவேண்டும். சரியான வைத்தியம்! ஆனால் படிப்படியாகத் திரும்புகிற நாட்களில் பாதிச் சேலைக்குப் பாதிக் கூலிதானே? வைத்தியரின் சீட்டில் எழுதிய மருந்தைக் கூலி முறை சாப்பிட விடுவதில்லை.

இத்தாலியில் ரமஸ்ஸினி என்ற வைத்தியர் 1700-ஆம் வருஷத்தில் தொழிலாளர்களின் வியாதிகளைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். நோயாளியிடம் வைத்தியர் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கவேண்டும் என்றார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? முந்நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. நமது ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் பேர் இருக்கிறது, வயது இருக்கிறது, ஆணா பெண்ணா என்பது இருக்கிறது. தொழிலுக்கு ஒரு கட்டத்தைப் பெரும்பாலும் காணோம். தறிக்காரரும், நடவுக்காரியும், மூட்டை சுமப்பவரும் அந்தச் சீட்டில் வெறும் இடுப்புவலிகளாகிவிடுகிறார்கள்.

விழாக்களுக்கு மட்டும் குறைச்சலில்லை. 2015-லிருந்து ஜூன் 21 யோகா தினம், ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி தினம். முதுகுக்கு ஒரு நாள், தறிக்கு ஒரு நாள்! கைத்தறிக்குத் தினம் கொண்டாடிய அதே சர்க்கார்தான் 2020-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தது. செப்டம்பர் 8 உலக பிசியோதெரபி தினம். 2024-இல் அதன் பொருளே இடுப்புவலிதான். அன்று மேடையில் முழங்கியவர்களில் எத்தனை பேர் பிசியோதெரபிஸ்டின் இடுப்பைப் பற்றிப் பேசினார்கள்?

"குழித்தறியே வேண்டாம், விசைத்தறியைப் போட்டால் முதுகுவலி தீர்ந்தது" என்பவர்களும் உண்டு. கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் வருஷச் சட்டத்தின்மேல் நீண்ட நாளாகக் கண் வைத்திருப்பவர்கள் இவர்கள். நெசவாளியைத் தறியிலிருந்து துரத்தினால் முதுகுவலியோடு பசியும் சேரும், அவ்வளவுதான். ஜக்கார்டைத் தூக்க மோட்டார் வரட்டும். அது காலையும் இடுப்பையும் காக்கும். சாய்மானத்தோடு ஆசனம் வரட்டும். நெசவாளியின் கடனில் அல்லாமல், சர்க்கார் செலவிலும் மாஸ்டர் வீவர் செலவிலும் வரட்டும்.

நமது கோரிக்கைகளில் சுற்றிவளைப்பு ஏதுமில்லை. கீழ்முதுகு வியாதி தொழில் வியாதிப் பட்டியலில் ஏறவேண்டும். வீட்டில் நெய்பவருக்கும், வயலில் குனிபவருக்கும், நோயாளியைத் தூக்குபவருக்கும் அது பொருந்தவேண்டும். வலியால் தறி நிற்கும் நாளுக்கு நல வாரியம் கூலி கொடுக்கவேண்டும். அந்தப் பணத்துக்கு, விற்கும் ஒவ்வொரு பட்டுச் சேலையிலும் வியாபாரியிடம் ஒரு தொகை வசூலிக்கலாம். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கி விலை ஏற்றிக்கொண்டவர்களால் இதைக் கொடுக்கமுடியாதா? சர்க்கார் பிசியோதெரபிஸ்டுகளின் வேலை நிரந்தரமாக்கப்படவேண்டும். பாரம் தூக்கும் வீட்டுக்கு இரண்டு பேராக அனுப்பவேண்டும்.

இதற்குச் சங்கக் கிளைகள் முதலில் செய்யவேண்டியது ஒன்று உண்டு. தெருத்தெருவாக ஒரு நோட்டுப் புஸ்தகம் வையுங்கள். எந்தத் தறி, எத்தனை நாள், இடுப்புவலியால் நின்றது? வைத்தியத்துக்கு எவ்வளவு போயிற்று? அந்த நாட்களில் எங்கே கடன் வாங்கப்பட்டது? விவசாயத் தொழிலாளர் சங்கம் நடவுக் காலத்தில் இதே நோட்டை வைக்கட்டும், சுமைத் தொழிலாளர்கள் ஆலை வாசலில் வைக்கட்டும். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுப் பெண்ணிடமும் அதைக் கொடுங்கள். தான் பார்த்த முதுகுகளைப் பற்றி எழுதட்டும். தன் முதுகைப் பற்றியும் ஒரு வரி எழுதட்டும். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில், பட்டு விலை ஏறிவிட்டது, சரிகை விலை ஏறிவிட்டது என்று மாஸ்டர் வீவர்கள் தங்கள் கணக்கை விரிக்கும்போது, இந்தக் கணக்கும் மேஜைமேல் இருக்கவேண்டும்.